வெப்ப யோகா ஆசிரியர் பயிற்சி: சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆர்.கே.புரத்தின் பூங்காக்களில் விடியற்காலையில் விரிப்பைச் சுருட்டிக் கையில் இடுக்கிக்கொண்டு நடப்போரைக் காண்பது இப்போது அன்றாடக் காட்சியாகிவிட்டது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளாக எழுந்த இப்பகுதி, தலைநகரத் தமிழர்களின் வாழ்வோடு நெருங்கிப் பிணைந்தது. ஏழாவது செக்டரில் மலை மந்திர், ஐந்தாவது செக்டரில் தமிழ்ச் சங்கம், நான்காவது செக்டரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி என நம்மவர் கூடும் இடங்கள் இங்கே பல. அங்கெல்லாம் பேச்சு, பிள்ளைகளின் படிப்பிலிருந்து உடல்நலத்திற்கும், உடல்நலத்திலிருந்து யோகாவிற்கும் எளிதில் சென்றுவிடுகிறது.

2015 ஜூன் 21 அன்று முதலாவது பன்னாட்டு யோகா நாளில் டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றுகூடி ஆசனங்கள் செய்தனர். அதன்பின் யோகா கற்போர் பெருகியது போலவே, கற்பிக்க விரும்புவோரும் பெருகினர். பணி ஓய்வு பெற்றோர், பிள்ளைகள் வளர்ந்தபின் தமக்கென ஒரு தொழில் தேடும் இல்லத்தரசிகள், அலுவலக வேலையில் சலிப்புற்ற இளைஞர்கள் ஆகியோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “யோகா ஆசிரியர் பயிற்சிக்குக் கடன் கிடைக்குமா?” அண்மைக் காலமாக அக்கேள்வியோடு “ஹாட் யோகா” என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது.

கடன் கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பயிற்சி, யாரிடம், எதற்காக என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை காண உதவும் செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கல்கத்தாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு

சூடேற்றப்பட்ட அறையில் செய்யும் யோகாவே வெப்ப யோகா எனப்படுகிறது. இதனை உலகறியச் செய்தவர் 1944இல் கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. அவருடைய ஆசான் பிஷ்ணு சரண் கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. 1923இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியவர். அங்குக் கற்பிக்கப்பட்ட ஆசனங்களிலிருந்து 26 ஆசனங்களையும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் பிக்ரம் தேர்ந்து, மாறாத ஒரு வரிசையில் அமைத்தார். 1970களில் அமெரிக்கா சென்று லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் அதைக் கற்பிக்கலானார்.

அறையின் வெப்பம் 40.6 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 40 விழுக்காடு. வகுப்பின் நேரம் 90 நிமிடம். இதுவே அவர் வகுத்த விதி. 1990களில் அவர் ஆசிரியர் பயிற்சியையும் தொடங்கினார். ஒன்பது வாரம் நடக்கும் அப்பயிற்சிக்குப் பிற்காலத்தில் 10,000 டாலருக்கும் மேல் கட்டணம் பெறப்பட்டது. அதில் தேறியவர்களே அவர் பெயரில் வகுப்பு நடத்தலாம் என்ற ஏற்பாட்டால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான கூடங்கள் தோன்றின.

நம் மரபு நூல்கள் இவ்வளவு சூட்டைக் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருமூலரின் திருமந்திரம் தன் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறது. ஹடயோகப் பிரதீபிகை, பயிற்சி செய்யும் குடில் எப்படி இருக்க வேண்டும் என்பதையும், மூச்சுப் பயிற்சியின் உழைப்பால் அரும்பும் வியர்வையை உடலிலேயே தேய்த்துவிட வேண்டும் என்பதையும் கூறுகிறது. அங்கே வியர்வை உழைப்பால் வருவது. அறையைச் சூடேற்றி வரவழைப்பது அன்று. வெப்ப யோகா இருபதாம் நூற்றாண்டின் புதுமை. புதுமை என்பதாலேயே அது தவறாகிவிடாது. ஆனால் “ஐயாயிரம் ஆண்டு மரபு” என்று விளம்பரப்படுத்தி அதை விற்க முனைவோரிடம் சற்று விழிப்பாக இருத்தல் நலம்.

நீதிமன்றம் தந்த பாடம்

தம் ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை உண்டு எனக் கூறிப் பிக்ரம், பிற கூடங்கள்மீது வழக்குகள் தொடுத்தார். யோகா எவருக்கும் தனியுடைமை ஆகலாகாது என்ற கவலை இந்தியாவில் எழுந்தது. 2001இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்னூலகத்தில் மூலிகை மருத்துவக் குறிப்புகளோடு ஆசனங்களும் பதிவு செய்யப்பட்டதற்கு இத்தகைய உரிமைக் கோரிக்கைகளே காரணம். 2012இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், ஆசனங்களின் வரிசையைப் பதிவு செய்ய இயலாது என விளக்கமளித்தது. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், அவ்வரிசைக்குப் பதிப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, பயிற்சிக்கு வந்த பெண்கள் சிலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகளுடன் உரிமையியல் வழக்குகள் தொடுத்தனர். அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகர் தொடுத்த வழக்கில், 2016இல் நடுவர் குழு பல லட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு கூறியது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 2017இல் அவரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அதே ஆண்டு அவருடைய நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது.

பயிற்சியில் சேர விரும்புவோர் இவ்வரலாற்றிலிருந்து அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, 26 ஆசன வரிசையைக் கற்பிக்க இன்று எவருடைய முத்திரையும் சட்டப்படி தேவையில்லை. எனவே ஒரு பெயருக்காக மட்டும் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு தனிமனிதரின் புகழை மட்டுமே நம்பி நிற்கும் நிறுவனம், அப்புகழ் சரியும்போது தானும் சரியும்; அதன் சான்றிதழும் உடன் சரியும். மூன்றாவது, வெளியுலகத் தொடர்பின்றிப் பல வாரங்கள் தங்கிப் பயிலும் ஏற்பாட்டில், மாணவர் குறை கூற ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் எதிலும் பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உட்குழு அமைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அக்குழு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வெப்பம் உடலுக்குச் செய்வது என்ன?

உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. புறவெப்பம் அதைவிட மிகும்போது, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. அறையில் ஈரப்பதமும் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. உள்வெப்பம் ஏறத் தொடங்கும். 40 டிகிரியைக் கடந்து, அறிவும் தடுமாறினால் அது வெப்ப வாதம், உயிருக்கு ஆபத்தானது.

அமெரிக்க உடற்பயிற்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், 90 நிமிட வகுப்பின்போது இருபது பேரின் உள்வெப்பம் அளக்கப்பட்டது. சிலருக்கு அது 39.4 டிகிரியைத் தாண்டியது. ஒருவருக்கு 40 டிகிரியைத் தொட்டது. 2018இல் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, 40 முதல் 60 வயது வரையுள்ளவர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தது. ஒரு பிரிவினர் சூடான அறையிலும், மற்றொரு பிரிவினர் இயல்பான அறையிலும் அதே 26 ஆசனங்களைச் செய்தனர். இரு பிரிவினரின் இரத்தக் குழாய்களும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றன. அந்நலத்திற்கு வெப்பம் இன்றியமையாதது அன்று என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

எனவே வெப்ப யோகாவைக் கற்பிக்க வருபவர், வெப்பத்தை விற்பவராக இல்லாமல் வெப்பத்தைக் காவல் செய்பவராக இருக்க வேண்டும். கருவுற்றோர், இதயநோய் உடையோர், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உடையோர், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர் ஆகியோரை மருத்துவரின் ஒப்புதலின்றிச் சேர்க்கலாகாது. தலைசுற்றல், குமட்டல், தலைவலி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றைக் கண்டவுடன் மாணவரை வெளியே கொணர்ந்து, நீரூற்றிக் குளிர்வித்து, 112 என்ற அவசர எண்ணை அழைக்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “தலைசுற்றினாலும் அறையை விட்டு வெளியேறாதீர்கள்” என்று சொல்லிக் கொடுக்கும் பயிற்சி எவ்வளவு புகழ் பெற்றதாயினும் விலக்கத் தக்கது.

டெல்லிக்கென்று தனிக் கவலைகளும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 டிகிரியை நெருங்கும் வெயில். வகுப்பு முடித்து வெளியே வருபவருக்கு இளைப்பாறக் குளிர்ந்த இடம் வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் காற்று மாசு. சூடு வெளியேறாதிருக்கக் கதவடைத்த அறையில் முப்பது பேர் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது, உள்ளே வரும் காற்று எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

சான்றிதழ்களும் அவற்றின் மதிப்பும்

இந்தியாவில் யோகா கற்பிக்க உரிமம் கட்டாயம் இல்லை. அதனாலேயே சான்றிதழ்கள் மலிந்துள்ளன. அவற்றைப் பொதுவாக மூவகைப்படுத்தலாம்.

முதல்வகை, ஆயுஷ் அமைச்சகத்தின்கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்று. யோகா நெறிமுறைப் பயிற்றுநர், யோகா நல்வாழ்வுப் பயிற்றுநர், யோகா ஆசிரியர் மற்றும் மதிப்பீட்டாளர், யோகா வல்லுநர் எனப் படிநிலைகள் உள்ளன. முதற்படிக்கு 200 மணி நேரமும், இரண்டாம் படிக்கு 400 மணி நேரமும் பாடத்திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. பயிற்றுவித்தவரே மதிப்பெண் போட்டுச் சான்று தருவதினும், வெளியார் சோதித்துத் தரும் சான்றுக்கு மதிப்பு மிகுதி.

இரண்டாம் வகை, அமெரிக்காவில் 1999இல் தோன்றிய யோகா அலையன்ஸ் என்ற தனியார் அமைப்பின் பதிவு. வெளிநாட்டுக் கூடங்களில் இது பெரிதும் கேட்கப்படுகிறது. ஆனால் அவ்வமைப்பு ஒவ்வொரு மாணவருக்கும் தானே தேர்வு நடத்துவதில்லை. வரையறைக்கு உட்பட்ட பள்ளிகளையும், அவற்றில் பயின்றவர்களையும் பதிவு செய்கிறது. விளம்பரங்களில் இதை “உலக அரசுகள் ஏற்ற சான்று” என்பது போல் எழுதுவது பொருந்தாது.

மூன்றாம் வகை, அந்தந்தக் கூடம் தானே தரும் சான்று. வெப்ப யோகாப் பயிற்சிகளுள் பல இவ்வகையினவே. அக்கூடத்திலும் அதன் கிளைகளிலும் அது செல்லும். வேறிடத்தில் செல்லுமா என்பதை வேலை தர இருப்பவரிடமே கேட்டறிய வேண்டும்.

எங்கள் பரிந்துரை எளியது: முதலில் பொது யோகாவில் அடித்தளம், பின்னர் விருப்பமிருந்தால் வெப்ப யோகாவில் சிறப்புப் பயிற்சி. அடித்தளத்திற்கு நம் நாட்டில் நல்ல இடங்கள் உள்ளன. டெல்லி அசோகா சாலையிலுள்ள மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனம், குறுகிய காலச் சான்றிதழ் முதல் பட்டம் வரை படிப்புகளை நடத்துகிறது. ஆர்.கே.புரம் மெட்ரோ நிலையத்தில் ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, பட்டேல் சௌக்கில் இறங்கினால் எளிதில் சென்றடையலாம். சென்னையில் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம், லோனாவ்லாவில் 1924 முதல் இயங்கும் கைவல்யதாமம், மும்பையில் 1918இல் தொடங்கிய யோகா இன்ஸ்டிடியூட் ஆகியவை நீண்ட வரலாறு உடையவை. சொந்த ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியையும் அறிந்து வைத்திருக்கலாம்.

சேருமுன் கேட்க வேண்டியவை

முன்பணம் கட்டுவதற்குமுன் கீழ்க்காணும் வினாக்களுக்கு எழுத்து வடிவில் விடை பெறுங்கள்.

1. மொத்தப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அதில் ஆசிரியருக்கு முன்னால் நேரில் பயில்வது எவ்வளவு, காணொலி எவ்வளவு?
2. உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களை நடத்துபவர் யார்? அவருடைய தகுதி என்ன?
3. மாணவர் உண்மையான வகுப்புகளை நடத்திப் பழக வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும்? வரிசை உரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மட்டும் பயிற்சி ஆகாது.
4. ஒரு குழுவில் எத்தனை பேர்? எத்தனை ஆசிரியர்கள்?
5. முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சி பாடத்திட்டத்தில் உள்ளதா?
6. காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது? நிறுவனத்திற்குப் பொறுப்புக் காப்பீடு உண்டா?
7. இடையில் நின்றால், அல்லது நிறுவனமே பயிற்சியை நிறுத்தினால், கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? எத்தனை நாளில்?
8. முந்தைய குழுக்களில் தேறியவர்கள் இன்று எங்கே கற்பிக்கின்றனர்? அவர்களில் இருவரோடு பேச இயலுமா?

எட்டாவது வினாவிற்குத் தயக்கமின்றி விடை தரும் நிறுவனம் பெரும்பாலும் மற்ற ஏழிற்கும் தரும். மேலும், சேருமுன் அதே கூடத்தில் குறைந்தது பத்து வகுப்புகளாவது மாணவராகச் சென்று பாருங்கள். அவ்வெப்பம் தம் உடலுக்கு ஒத்துவருமா என்பதைப் பத்து வகுப்புக் கட்டணத்தில் அறிவது, முழுக் கட்டணமும் கட்டியபின் அறிவதினும் மிக மலிவு.

பணக் கணக்கு

இனி எங்கள் துறைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, கட்டணம், தங்குமிடம், பயணம் எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். இத்தொகையை 12 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்று 36 மாதங்களில் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். மொத்த வட்டி சுமார் 58,700 ரூபாய்.

வருவாய்ப் பக்கத்தையும் பார்ப்போம். புதிய ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு 500 ரூபாய் பெற்று, மாதம் 20 வகுப்புகள் நடத்துவதாகக் கொண்டால் வருவாய் 10,000 ரூபாய். தவணை போக மிஞ்சுவது 36 ரூபாய். போக்குவரத்துச் செலவு கையைக் கடிக்கும். இத்தொகைகள் கணக்கிற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. உங்கள் பகுதியில் உண்மையில் என்ன தருகிறார்கள் என்பதை விசாரித்து அவ்விடத்தில் இட்டுப் பாருங்கள். தவணை வருவாயில் பாதிக்கு மேற்பட்டால், கடனைக் குறைக்கவோ காலத்தைத் தள்ளவோ வேண்டும் என்பது எங்கள் கருத்து. மாதம் 12,500 ரூபாய் வீதம் தொடர்வைப்பில் இட்டுவந்தால் இரண்டாண்டில் வட்டி நீங்கலாகவே 3 லட்சம் சேரும். அவ்விரண்டாண்டில் பயிற்சியில் உள்ள ஆர்வம் நிலையானதா என்பதும் தெளிவாகும்.

கல்விக் கடன் பற்றிப் பலர் கேட்கின்றனர். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டம், பட்டயப் படிப்புகளுக்கே அது பொதுவாகப் பொருந்தும். தனியார் கூடத்தின் சில வாரப் பயிற்சிக்குப் பொருந்துவது அரிது. அரசின் திறன் மேம்பாட்டுக் கட்டமைப்புக்குள் வரும் படிப்புகளுக்குத் திறன் கடன் திட்டம் உண்டு. 2024இல் அதன் உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயிற்சி முடித்துச் சொந்தக் கூடம் தொடங்குவோருக்கு முத்ரா திட்டம் பயன்படும்: 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்னும் பிரிவுகளில் பிணையின்றிக் கடன் கிடைக்கும்.

ஓய்வூதியர்களும் நிரந்தர வைப்பு உடையோரும் வைப்பை முறிக்க விரைய வேண்டாம். முன்கூட்டியே முறித்தால் வட்டியில் இழப்பு நேரும். வைப்பின் பேரில் கடன் பெற்றால், வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடு மட்டுமே கூடுதலாகும்; வைப்பும் தொடரும். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பணம் அனுப்புவோர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மூலத்தில் வசூலிக்கப்படும் வரி பற்றிக் கிளையில் முன்னரே கேட்டறிக.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். “வட்டியில்லாத் தவணை” என்று பயிற்சிக் கூடத்திலேயே கைப்பேசியில் ஒப்பமிடச் சொல்வார்கள். அது பெரும்பாலும் நிதி நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் தரும் தனிநபர் கடன். எங்கள் வாடிக்கையாளரான அம்மையார் ஒருவர் இவ்வாறு ஒப்பமிட்டார். மூன்றாம் வாரத்தில் பயிற்சி நின்றது. நடத்தியவரின் தொலைபேசி அணைந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. கூடத்தோடு தமக்குள்ள வழக்கு வேறு, நிதி நிறுவனத்தோடு தமக்குள்ள கடன் வேறு என்பதை அவர் அறிந்தபோது இரு தவணைகள் தவறியிருந்தன. கடன் மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. மகளின் கல்விக் கடனுக்கு இணைக் கடனாளியாக அவர் ஒப்பமிட வந்த நேரம் அது. நிலுவையை அடைத்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, மதிப்பெண் மீளும்வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே கட்டணத்தைப் பகுதி பகுதியாக, பயிற்சி நடக்க நடக்கச் செலுத்துங்கள். தனிநபர் கணக்கிற்கு அன்றி நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிற்கே அனுப்புங்கள். சரக்கு, சேவை வரி எண்ணுடன் ரசீது பெறுங்கள். “இன்று மட்டும் சலுகை” என்பவரிடம் நாளை வருவதாகச் சொல்லுங்கள்.

கூடம் தொடங்க எண்ணுவோர்க்கு

வெப்ப யோகாக் கூடத்தின் செலவில் மின்சாரம் பெரும்பகுதி. 10 கிலோவாட் சூடேற்றிகள் நாளொன்றுக்கு 6 மணி நேரம் இயங்கினால் 60 யூனிட். யூனிட் 10 ரூபாய் எனக் கொண்டால் நாளுக்கு 600 ரூபாய்; 25 நாளுக்கு 15,000 ரூபாய். இயல்பான அறையில் நடத்தும் ஆசிரியருக்கு இச்செலவு இல்லை. குடியிருப்பின் சமுதாயக் கூடமே போதும். வணிக மின் இணைப்பு, தீத்தடுப்பு ஏற்பாடு, குடியிருப்புப் பகுதியில் கூடம் நடத்துவதற்கான அனுமதி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தபின்னரே கடன் விண்ணப்பத்தில் தொகையை எழுதுங்கள்.

கற்பிக்கும் தொழில் நல்ல தொழில். நாற்பதிலும் ஐம்பதிலும் அதைத் தொடங்குவோர் வாழ்வனுபவத்தையும் உடன் கொண்டுவருவதால், முதிய மாணவர்கள் அவர்களை விரும்பி நாடுகின்றனர். முதலில் பத்து வகுப்புகள் சென்று பாருங்கள். எட்டு வினாக்களுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். வருவாயையும் தவணையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அத்தாளுடன் கிளைக்கு வந்தால், உங்களுக்கு ஏற்ற கடன் எது, கடனே வேண்டாத வழி எது என்பதை உடனிருந்து கணக்கிட்டுத் தருவோம்.